அரை ஷிப்ட் குறைந்த வருடம்

அரசாங்கத்தின் பட்ஜெட்டில் விழும் துண்டை எப்படிக் குறைப்பது என்ற கேள்வியை நான் ஒரு வருடம் முழுக்க ஒரே பெண்ணிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் என் மனைவி. குரூப் எக்ஸாம் எழுதி, அரசாங்க ஆபீஸ் ஒன்றில் ஃபேனுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார வேண்டும் என்பது அவள் ஆசை. அந்த எக்ஸாமின் இரண்டாம் கட்டத்தில் பக்கம் பக்கமாகப் பதில் எழுத வேண்டும். அவள் பழைய புத்தகக் கடையில் வாங்கிய கேள்விப் புத்தகத்தில் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வரும். வார்த்தை மாறும், விஷயம் அதேதான். நான் எட்டாவதோடு நின்றவன், எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். 'நிதிப் பற்றாக்குறை' என்று தடுமாறாமல் சொல்ல எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

போன மழைக்காலத்தில் அவள் போய்விட்டாள். காய்ச்சல்தான். இப்போது கேள்வி கேட்கச் சொல்ல ஆள் இல்லை. ஆனாலும் காலையில் அயர்ன் பாக்ஸை எடுத்து முதல் பனியன் பீஸ் மேல் வைத்ததும் அந்தக் கேள்வி என் வாய்க்கு வந்துவிடுகிறது. பதிலும் அவள் குரலிலேயே வருகிறது. மறந்து போவதற்குள் எழுதி வைத்துவிடலாம் என்று பார்க்கிறேன்.

திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளும் அயர்ன் டேபிளும் எதிரெதிரே இருக்கும். தைத்து வரும் பீஸை அவள் விரித்துப் பார்ப்பாள். ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் ஏதாவது இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ஓரமாகப் போடுவாள். நல்ல பீஸ் எனக்கு வரும். நான் தேய்த்து பேக்கிங்குக்குத் தள்ளுவேன். அவள் கோவில்பட்டிக்குத் தெற்கே இருந்து வேலைக்கு வந்தவள், மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம். நாங்கள் இங்கேயே தறி ஓட்டிய குடும்பம், வருடா வருடம் முருகனுக்குக் காவடி எடுப்பவர்கள். கல்யாணம் ரெஜிஸ்டர் ஆபீசில்தான் நடந்தது. இரண்டு பக்கமும் யாரும் வரவில்லை. கம்பெனி ஆட்கள் வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள், பிரியாணி சாப்பிட்டார்கள், மத்தியானத்துக்கு மேல் வேலைக்குப் போய்விட்டார்கள். நாங்களும் கூடவே போனோம். அன்றைக்கு ஷிப்மெண்ட் இருந்தது.

எக்ஸாமின் முதல் கட்டம் டிக் அடிக்கிற கேள்விகள். அதைச் செக்கிங் டேபிளில் நின்றபடியே முடித்துவிட்டாள். காதில் ஹெட்செட், கையில் பீஸ். பாடம் கேட்டுக் கேட்டே பாஸ் பண்ணினாள். சோழர்கள் காலத்து ஏரி எது, எந்தச் சட்டத்தில் எத்தனையாவது பிரிவு என்று திடீரென்று தலையைத் தூக்கி எனக்குச் சொல்வாள். ஸ்டீம் சத்தத்தில் எனக்குப் பாதி கேட்காது. கேட்ட மாதிரித் தலையாட்டுவேன். ஆட்டிய தலை பொய் என்று தெரிந்தால் பக்கத்தில் வந்து என் சட்டையில் ஒரு சிவப்பு அம்பை ஒட்டிவிட்டுப் போவாள். அதோடு நான் டீக்கடை வரைக்கும் போய் வந்திருக்கிறேன்.

பற்றாக்குறைக் கேள்வியை அவள் டீ டைமில் எல்லோருக்கும் பொதுவாக எடுத்து விட்டாள். சும்மா ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்தாள், அவ்வளவுதான். கம்பெனி வாசலில் பெரிய சபையே கூடிவிட்டது. என் பக்கத்து டேபிளில் அயர்ன் போடும் பீகார்க்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். அண்ணி என்பதை அவர் பாஷையில் பாபி என்பார்.

"பாபி, சர்க்கார்கிட்ட நோட்டு அடிக்கற மிஷின் இருக்குல்ல? ஜாஸ்தி அடிச்சா முடிஞ்சுது. எதுக்கு பரீட்சை?"

"அண்ணாச்சி, நம்ம கம்பெனியில டீ டோக்கன் யாரு அடிக்காவ? ஆபீஸ்லதான? நாளைக்கு ஆளுக்கு ரெண்டு டோக்கன் குடுக்காவன்னு வைங்க. டீ கேன் மட்டும் அதே ஒரு கேன்தான் வருது. என்ன ஆவும்?"

"மாஸ்டர் தண்ணி ஊத்துவான்."

"அவ்வளவுதான். நோட்டை அடிச்சு விட்டா நாடு பூராம் தண்ணி டீதான்."

ஓவர்லாக் மிஷினில் தைக்கிற அக்கா ஒருவர், தேங்காய் பன்னை டீயில் முக்கியபடியே சொன்னார்.

"பேசாம மொதலாளிக மேல வரியை எச்சாப் போடச் சொல்லு கண்ணு. வாசல்ல எத்தனை காரு நிக்குது பாரு."

"போடணும்க்கா. போட வேண்டாம்னு நான் சொல்லல. ஆனா ஒரேயடியாப் போட்டு, அவங்க ஆர்டரைத் தூக்கிட்டு பங்களாதேஷ் போயிட்டா நீங்க எந்த மிஷின்ல தைப்பிய?"

"போனாப் போறாங்க. நானும் அங்கயே போய்த் தெச்சுக்கறன்."

"பாஸ்போர்ட் இருக்கா?"

"ரேசன் கார்டு இருக்குது."

சூப்பர்வைசருக்கு இதெல்லாம் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாது. ஐம்பது வயதைத் தாண்டியவர், புல்லட்டில் வருபவர். "பொம்பளைங்களுக்கு ஓசி பஸ் வுடறாங்க பாருங்க, அதை நிறுத்தோணும். பாதித் துண்டு அடையும்" என்றார். அவ்வளவுதான், பெண்கள் எல்லோரும் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டார்கள். இவள் மட்டும் நிதானமாகக் கேட்டாள்.

"சாரே, பஸ்ஸுக்குக் குடுக்காத காசை நான் என்ன பண்ணுதேன்? குழி தோண்டிப் புதைக்கேனா? பஸ் ஸ்டாண்டு வாசல்ல கொய்யாக்கா வாங்குதேன். கொய்யாக்காரம்மா அந்தக் காசுல சோப்பு வாங்குதா. சோப்புல அரசாங்கம் வரி எடுத்துக்கிடுது. சுத்திச் சுத்தி அங்கதான போவுது?"

"அந்தக் கொய்யாக்காயில எனக்கொண்ணு குடுத்திருக்கியா நீ?"

மறுநாள் ஒரு கொய்யாக்காயைக் கொண்டுவந்து அவர் டேபிளில் வைத்தாள். அதிலும் ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது.

இப்படியெல்லாம் வாயால் சொல்லிவிடுவாள். ஆனால் எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. படிப்பை விட்டுப் பல வருடமாகியிருந்தது. அந்த விரல்கள் துணி புரட்டிப் பழகிவிட்டன. அரைப் பக்கம் எழுதுவதற்குள் வலி எடுத்துப் பேனாவைக் கீழே போட்டுவிடுவாள். அதுவும் எந்த நேரத்தில்? நாங்கள் வேலை முடிந்து வந்து, சோறாக்கிச் சாப்பிட்டு, கண்ணைப் பிடுங்கிக்கொண்டு தூக்கம் வரும் நேரத்தில்.

திருப்பூரில் யாரும் ஒரு ஷிப்டோடு வீட்டுக்குப் போவதில்லை. காலை எட்டரைக்கு உள்ளே போனால் சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரு ஷிப்ட் முடியும். டீ குடித்துவிட்டு மறுபடியும் உள்ளே போய், ராத்திரி சாப்பாட்டு நேரம் வரை அரை ஷிப்ட். இந்த ஒன்றரைதான் ஒரு நாள். வாடகை, சீட்டு, ஊருக்கு அனுப்புகிற பணம் எல்லாமே ஒன்றரையை வைத்துத்தான் போட்டிருக்கும். ஐந்தரைக்குப் பையை மாட்டுகிற ஆளைப் பார்த்தால் ஊட்டில் யாருக்காவது முடியலையா என்றுதான் கேட்பார்கள்.

"எனக்கு அந்த அரை ஷிப்ட் வேணும். ரெண்டாங்கட்டம் எழுதுத வரைக்கும்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னாள்.

நான் யோசித்தேன். அவள் மட்டும் சீக்கிரம் போனால் சமையல், துவைப்பு, தண்ணீர் பிடிப்பது எல்லாம் அவள் தலையில்தான் விழும். படித்த மாதிரிதான். அதனால் நானும் வருகிறேன் என்று சொன்னேன். அவள் என்னை நம்பாத மாதிரிப் பார்த்தாள். சமைக்கத் தெரியுமா என்று கேட்டாள். அரிசியும் பருப்பும் சேர்த்துப் போட்டு ஒரே குக்கரில் வைக்கத் தெரியும் என்றேன்.

திங்கட்கிழமை சூப்பர்வைசரிடம் போய் நின்றேன்.

"ரெண்டு பேருமேவா? ஏஞ்சாமி, ஊட்டுல ஏதாச்சும்..."

"இல்லீங்க. அவ படிக்கறாளுங்க."

"சரி, அவ படிக்கறா. நீ எதுக்குப் போறே?"

"நான் கேள்வி கேக்கோணும்ங்க."

பேக்கிங்கில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். "கேள்வி கேக்கறதுக்கு அரை ஷிப்டா! நெம்பப் பெரிய கேள்வியாட்ட இருக்குது" என்றார் அவர். ஆனால் விட்டுவிட்டார். ஷிப்மெண்ட் நாளில் மட்டும் நிற்க வேண்டும் என்று ஒரு கண்டிஷன் போட்டார்.

அந்த வாரச் சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு வந்து பாயில் வைத்தோம். இருக்கும் செலவுக்கு அது எட்டவில்லை. நான் திரும்ப ஒரு தடவை எண்ணிப் பார்த்தேன். அவளுக்குக் கண்ணெல்லாம் சிரிப்பு.

"பாத்தியளா, கேள்வி நம்ம வீட்டுக்கே வந்துட்டு. நீங்கதான் நிதி மந்திரி. நான் எதிர்க்கட்சி. ம், சொல்லுங்க. எப்படி அடைப்பிய?"

நான் எழுந்து நின்று தொண்டையைச் செருமினேன். ஞாயிற்றுக்கிழமை கறியை நிறுத்துவது, டிவியை விற்பது, பைக் சர்வீசைத் தள்ளிப் போடுவது என்று அறிவித்தேன்.

"பைக்கைத் தொடாதிய. அரசாங்கமும் இதையேதான் பண்ணும். கத்தாத செலவுலதான் மொதல்ல கை வைக்கும். சம்பளத்தை நிறுத்தினா ஆள் கத்துவான். பாலத்துக்கு ரிப்பேர் பாக்கலன்னா பாலம் கத்துமா? கத்தாது. ஒருநாள் விழும், அவ்வளவுதான். பைக்குக்கு பிரேக் பாத்தே ஆவணும். அடுத்தது?"

"டிவி."

"அரசாங்கம் தன் கம்பெனியை வித்தா அதுக்குப் பேரு பங்கு விலக்கல். வித்துக்கிடுங்க. ஆனா ஒரு தடவைதான் காசு வரும். அடுத்த மாசம் எதை விப்பிய? என்னையவா?"

"உன்னை யாருங்க அம்மணி வாங்குவாங்க? வாயைப் பாத்தே ஓடிருவாங்க."

அவள் கையில் கிடைத்த தலையணையை எடுத்து மந்திரி மேல் எறிந்தாள். சபை அதோடு கலைந்தது.

டிவியை விற்றோம். டவுனில் இருந்த வீட்டைக் காலி பண்ணிவிட்டு பெருமாநல்லூரைத் தாண்டி ஒரு வீட்டுக்குப் போனோம். வாடகை குறைவு. ஒரு அறை, ஒரு சமையல் மூலை, மேலே சிமெண்ட் ஷீட். பின்னால் சோளக்காடு. ஷீட்டின் மேல் மயில்கள் வந்து நடக்கும். முதல் நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டு அவள் திருடன் என்று நினைத்து, கேள்விப் புத்தகத்தைத்தான் கையில் எடுத்தாள், அடிப்பதற்கு.

அதற்கப்புறமும் துண்டு விழுந்தது. அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் தெருவிலேயே ஒருவர் வீடு வீடாகப் பீஸ் கொடுத்துப் பிசிறு வெட்டி வாங்குவார். தைத்த துணியில் அங்கங்கே தொங்கிக்கொண்டிருக்கும் நூலை வெட்டுகிற வேலை. பீசுக்கு இவ்வளவு என்று காசு. நான் ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். செலவைக் குறைப்பது ஒரு வழி, வருமானத்தைக் கூட்டுவது ஒரு வழி என்று புத்தகத்திலேயே போட்டிருக்கிறதே. கொஞ்ச நேரம் வெட்டிவிட்டுப் படிக்கலாம் என்று அவளும் கத்தரியை எடுத்தாள்.

அடுத்த வாரம் இரண்டு மூட்டை ஆனது. வேகமாக வெட்டுகிறோம் என்று பிசிறுக்காரருக்குச் சந்தோஷம். "இந்த மாதிரி நீட்டா யாருமே பண்றதில்லீங்க" என்று அவர் சொன்னதில் எங்களுக்கும் தலைகால் புரியவில்லை. ஐந்தரைக்குக் கிளம்பி, ஓட்டமாக வீட்டுக்கு வந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வெட்ட ஆரம்பித்தால் நேரம் போவதே தெரியாது. சனிக்கிழமைப் பணத்தையும் பிசிறுப் பணத்தையும் சேர்த்துப் பார்த்தால் துண்டு சுத்தமாக அடைந்துவிட்டது. நான் மந்திரி மாதிரி ஒரு டான்ஸே ஆடினேன்.

ஒரு சாயங்காலம் அவள்தான் சொன்னாள், "ரொம்ப நாளாச்சு, அந்தக் கேள்வியைக் கேளுங்க." நான் வெட்டுவதை நிறுத்தாமலே கேட்டேன். "அரசு தன் நிதிப் பற்றாக்குறையைக் குறைப்பதற்கான வழிமுறைகளை விவரி." அவள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. கத்தரி அப்படியே கையில் நின்றது. சுற்றிப் பார்த்தாள். முழங்கால் உயரத்துக்குப் பச்சைக் கலர் டி-ஷர்ட் குவியல். தலைமுடியில், புடவையில், குக்கர் மூடியில் எல்லாம் நூல் பிசிறு. புத்தகம் எங்கே என்று தேடினோம். இரண்டாவது மூட்டைக்கு அடியில் கிடந்தது.

அவளுக்குச் சிரிப்பு பிடித்துக்கொண்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"துண்டு அடைஞ்சிட்டு. ஏன் துண்டு விழுந்துச்சு? நான் படிக்கணும்னுதான விழுந்துச்சு? இப்ப அடைஞ்சிட்டு, படிப்பைக் காணோம்! அரை ஷிப்டைக் கம்பெனியில விட்டுட்டு, வீட்டுக்கு வந்து முக்கா ஷிப்ட் பாத்துருக்கோம். உங்க ஊரு தண்ணியைக் குடிச்சா கை சும்மாவே இருக்காது போல."

"நீ தெக்கத்திக்காரிதானே. நீயாவது சொல்லியிருக்கலாமுல்ல?"

"நானும் இங்க வந்து ஏழெட்டு வருசமாச்சுல்லா. எனக்கும் அந்தச் சீக்கு தொத்திட்டு."

மறுநாளே மூட்டைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். பிசிறுக்காரர் ரேட்டைக் கூட்டித் தருகிறேன் என்றார். வேண்டாமுங்க என்று சொல்லிவிட்டேன். திரும்பி வரும்போது அவள் ஒன்று சொன்னாள். அது எந்தப் புத்தகத்தில் இருந்ததோ, அவளாகச் சொன்னதோ எனக்குத் தெரியாது. ஓடுகிற மிஷினுக்கு எண்ணெய் வாங்கக்கூடக் காசு இல்லாமல் துண்டு விழுந்தால் அது மோசம், அதை எப்படியாவது அடைத்தாக வேண்டும். புது மிஷின் வாங்கியதால் துண்டு விழுந்தால் அது வேறு. மிஷின் ஓடத் தொடங்கினால் அதுவே அடைத்துக்கொள்ளும். இரண்டையும் ஒன்று என்று நினைத்து இரண்டையும் வெட்டுகிற அரசாங்கம்தான் தப்புப் பண்ணுகிறது என்றாள்.

"இப்ப நம்மளுது எந்தத் துண்டு?" என்று கேட்டேன்.

"நான்தான் புது மிஷின். எக்ஸாம் முடியுத வரைக்கும் விழட்டும். அப்புறம் பொண்டாட்டி சர்க்கார் சம்பளம். நீங்க கால் மேல கால் போட்டு உக்காந்து கேள்வி கேக்கலாம்."

மளிகைக் கடைக்காரரிடம் கடனுக்குச் சொல்லி வைத்தோம். கறி நின்றது, முட்டை நின்றது. மாதக் கடைசியில் ரசம் தண்ணீராக இருக்கும். அவள் குடித்துவிட்டு, "நோட்டு அடிச்சிட்டாவ போல" என்பாள்.

அந்த மாதங்களைத்தான் நான் அதிகமாக நினைத்துக்கொள்கிறேன். பதினாலு வயதில், டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கிற கைமடி வேலைக்குப் போனதிலிருந்து எனக்குச் சாயங்காலம் என்று ஒன்று கிடையாது. உள்ளே போகும்போது வெயில், வெளியே வரும்போது டியூப் லைட். நடுவில் வானத்துக்கு என்ன ஆகிறது என்றே தெரியாது. இப்போது பைக்கில் அவளைப் பின்னால் வைத்துக்கொண்டு பெருமாநல்லூர் ரோட்டில் போகும்போது வெயில் மஞ்சளாகிப் பக்கவாட்டில் அடிக்கும். கண் கூசும். ரோட்டோரம் மல்லிகைப்பூக்காரம்மா அப்போதுதான் கூடையைத் திறப்பார். ஆட்டை ஓட்டிக்கொண்டு ஒருவர் ரோட்டைக் கடப்பார், நாங்கள் பைக்கை நிறுத்திக் காத்திருப்போம். அவள் என் முதுகில் விரலால் பதில் எழுதிப் பழகுவாள். முதல் பாயிண்ட், இரண்டாம் பாயிண்ட் என்று. வரி ஏய்ப்பு என்று எழுதினால் கூச்சமாக இருக்கும், வண்டி ஆடும். "நேரா ஓட்டுங்கய்யா, பாயிண்ட் கோணலாப் போவுது" என்று திட்டுவாள்.

வீட்டுக்கு வந்ததும் வாசலில் பாய் விரித்து உட்காருவாள். நான் குக்கர் வைப்பேன். "உங்க ஊர்ல அரிசிம்பருப்பை விட்டா வேற சோறே கெடையாதா?" என்று தினமும் கேட்பாள். தினமும் இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிடுவாள். செல்போனில் டைம் வைத்துவிட்டு நான் கேள்வியைப் படிப்பேன். அவள் குனிந்து எழுத ஆரம்பித்தால் மயில் வந்து பக்கத்தில் நின்றாலும் தெரியாது. முதலில் அரைப் பக்கம் எழுதிய கை பிறகு இரண்டு பக்கம், மூன்று பக்கம் எழுதியது. எழுதி முடித்ததும் எனக்குப் படித்துக் காட்டுவாள். நான் மார்க் போட வேண்டும். எனக்கு என்ன தெரியும், எல்லாவற்றுக்கும் முழு மார்க் போடுவேன். கோபித்துக்கொள்வாள். அதனால் புரிந்த பதிலுக்கு முழு மார்க், புரியாததற்குப் பாதி என்று வைத்தேன். எனக்குப் பாதி புரிந்தால்கூட அவள் அந்தப் பதிலை அடித்துவிட்டுத் திரும்ப எழுதுவாள்.

பட்ஜெட் அன்றைக்குக் கம்பெனி ஆபீசில் டிவி ஓடியது. எக்ஸ்போர்ட்டுக்கு ஏதாவது சலுகை வருமா என்று முதலாளி வீட்டு ஆட்கள் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். இவள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு கட்டு பீஸைச் சுமந்துகொண்டு நின்று கேட்டாள். அக்கவுண்டண்ட் வந்து விரட்டிவிட்டார். என் டேபிளுக்கு ஓடிவந்து காதோரம் சொன்னாள், "பற்றாக்குறை குறையும்ங்காவ." சொந்தத் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமான மாதிரி அத்தனை சந்தோஷம். "எப்படிக் குறைக்கறாங்களாமா?" என்றேன். "அதுக்குள்ள வெரட்டிட்டாரே அந்தாளு."

இரண்டாம் கட்டத்துக்குத் தேதி சொல்லிவிட்டார்கள். ஹால் டிக்கெட்டும் வந்தது. அந்த நேரத்தில்தான் மழை பிடித்தது. சிமெண்ட் ஷீட்டில் விழுகிற சத்தத்தில் நான் கேள்வியைக் கத்திக் கத்திப் படிக்க வேண்டியிருந்தது. ஒருநாள் எழுதிக்கொண்டிருந்தவள் குளிருகிறது என்று போர்வையைக் கேட்டாள். தொட்டுப் பார்த்தேன், அனலாகக் கொதித்தது. டெங்கு என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டும் அவள் தேதியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். இன்னும் நாள் இருக்குதுங்க அம்மணி என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். டாக்டர்கள் பார்த்தார்கள், ரத்தம் ஏற்றினார்கள். எங்கள் கம்பெனி ஆட்கள் வரிசையில் நின்று கொடுத்தார்கள், பீகார்க்காரர் முதல் ஆளாக. உயிர் நிற்கவில்லை.

அவள் ஊரிலேயே அடக்கம் செய்தோம். கல்யாணத்துக்கு வராதவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"பரீச்சை எழுதிட்டாளாய்யா?"

"இல்லீங்க அத்தை."

அவர் அதற்கப்புறமும் கையை விடவில்லை.

திரும்பி வந்த பிறகு சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஒண்டியா ஊட்டுல உக்காந்து என்னத்தப் பண்ணப் போறே சாமி. ஒன்றரையே பாரு. கை வேலையா இருந்தா மனசு கொஞ்சம் அடங்கும்" என்றார். நல்லதுக்குத்தான் சொன்னார். நானும் பார்த்தேன். விடிந்ததும் போவேன், இருட்டிய பிறகு வருவேன். வழியில் எதையாவது வாங்கித் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்வேன். அவள் புத்தகங்கள் இருந்த மூலைப் பக்கம் திரும்ப மாட்டேன்.

மளிகைக் கடை பாக்கி தீர்ந்தது. ஆஸ்பத்திரிக்கு வாங்கிய கடனும் மெல்ல மெல்லத் தீர்ந்தது. அதற்கப்புறம் ஒரு சனிக்கிழமை சம்பளத்தை வாங்கிக்கொண்டு வந்து பாயில் வைத்தேன். வாடகைக்கு எடுத்து வைத்தேன், பெட்ரோலுக்கு எடுத்து வைத்தேன், சாப்பாட்டுக்கு எடுத்து வைத்தேன். மீதி அப்படியே இருந்தது. அடுத்த வாரமும் இருந்தது. உபரி என்று புத்தகத்தில் ஒரு வார்த்தை வரும். அதை நான் எப்போதும் உப்பரி என்றே படிப்பேன். அவள் தலையில் அடித்துக்கொள்வாள். அது வீட்டுக்கு வந்தால் எப்படி இருக்கும் என்று நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. நான் ஒரு செலவையும் குறைக்கவில்லை, எதையும் விற்கவில்லை, மூட்டை எதுவும் தூக்கவில்லை. வீட்டில் ஏதாவது ஆக வேண்டும் என்று ஆசைப்பட்ட ஆள் இல்லை, அவ்வளவுதான். எனக்கு அந்தப் பணத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. மேலே துண்டைப் போட்டு மூடிவிட்டு வெளியே வந்து நின்றேன்.

திங்கட்கிழமை டீ டைமுக்கு முன்னால் சூப்பர்வைசரிடம் போனேன். இனிமேல் ஒரு ஷிப்ட்தான் பார்ப்பேன் என்று சொன்னேன்.

அவர் கையில் இருந்த பீஸைக் கீழே வைத்தார். "எதுக்கு சாமி? இப்ப ஊட்டுல யாரு படிக்கறாங்க?"

"யாருமில்லீங்க."

"அப்புறம் என்ன செய்வே? அரை ஷிப்ட் காசு போனா, வாடகை, பைக்கு, எல்லாத்துக்கும் இழுக்குமே."

"இழுக்கட்டும்ங்க. அவ சொன்னதையெல்லாம் எழுதி வெக்கோணும்ங்க, கொஞ்சம் துண்டு விழட்டும்ங்க."

அவர் கீழே வைத்த பீஸைத் திரும்பக் கையில் எடுத்தார். பிறகு, ஷிப்மெண்ட் அன்றைக்கு மட்டும் நின்றுவிட்டுப் போ என்றார்.